பொட்டு வைத்த கரப்பான்

விடுதி மெஸ்ஸில் கரப்பான்பூச்சித் தொல்லை என்று நான்தான் புகார் எழுதினேன். பேசத் தைரியமில்லாததால் எழுதினேன்.

வார்டன் மங்கையர்க்கரசி மேடம் எல்லோர் முன்னும் சிரித்தார். "இருக்கிறதே ஒரே ஒரு கரப்பான்தான்மா. அதையே தினமும் பார்த்துட்டுக் கதை கட்டுறியா? நாளைக்குள்ள நிரூபி, இல்லன்னா மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு."

உயிரியல் தேர்வுக்குப் படித்த 'அடையாளமிட்டு மீண்டும் பிடித்தல்' என்ற கணக்கெடுப்பு முறை கைகொடுத்தது. டம்ளரைக் கவிழ்த்து ஒன்றைப் பிடித்தேன். நான் போடத் துணியாத நகப்பூச்சால் அதற்குச் சிவப்புப் பொட்டு வைத்து ஓட விட்டேன்.

மறுநாள் மேடம் முன்னால் ஒன்று ஓடியது.

"நேத்து அந்த ஒரே கரப்பானுக்குப் பொட்டு வச்சேன், மேடம். இதுக்கு இல்லையே?"

"அழிஞ்சிருக்கும்."

சாம்பார் அண்டாவின் பின்னாலிருந்து பொட்டு வைத்தது வந்தது.

"அழியல, மேடம்."

மேடம் நாற்காலியில் தாவி ஏறி, "இன்னிக்கே மருந்தடிக்கச் சொல்றேன்!" என்று அலறினார். அந்த வெற்றியை நான் பெஞ்சின் மேல் நின்றபடிதான் பார்த்தேன்.