வெற்றிலைக்காரனோடு ஒரு போர்

தேர்த் திருவிழாவில், பட்டப்பகலில், தாழையூர் மகாராஜா நெடுங்கோவின் வெண்கொற்றக் குடையை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். ராஜா வெயிலில் நின்றார். உச்சந்தலை சுட்டதும் உத்தரவு பிறந்தது.

"ஊர்க்காவலர் எல்லாரும் வீட்டுக்குப் போகட்டும். எல்லைப் படை ஊருக்குள் வரட்டும். இன்று முதல் தாழையூர் ஒரு பாசறை. போர்ச்சட்டம்தான் சட்டம்!"

வந்து இறங்கினார் தளபதி இடும்பராயர், நானூறு வீரர்களோடு. நல்ல வீரர்கள்தான், குறை சொல்லக் கூடாது. பதினைந்து வருஷமாக எதிரியைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். மோர்க்காரியின் பானைக்குள் ஈட்டியை விட்டுத் துழாவினார்கள். பல்லாங்குழி ஆடிய மூன்று பெண்களைச் சதியாலோசனை என்று கலைத்தார்கள். கோயில் மாட்டைச் சுற்றி வளைத்தார்கள். அது கொம்பை ஆட்டியதும் வரிசை கலையாமல் பின்வாங்கினார்கள்.

ஊருக்கு நல்ல வேடிக்கை. வேலாண்டி மாட்டிக்கொள்ளும் வரைக்கும்.

வேலாண்டி வெற்றிலை விற்கிறவன். ஏழு வயதில் அம்மை போட்டுக் காது போய்விட்டது. தலையில் கூடையோடு கடைவீதியில் போய்க்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு வீரன் "நில்!" என்று மூன்று தரம் கத்தினான். வேலாண்டி பாட்டுக்கு நடந்தான். மூன்றாம் அழைப்புக்கும் நிற்காதவன் எதிரி, எதிரிக்குத் தலை கிடையாது என்பது போர்ச்சட்டம். தளபதி பதிவேட்டில் 'எதிரி: வேலாண்டி' என்று எழுதி, நாளை மறுநாள் சாயங்காலம் தலையை எடுக்க நாள் குறித்தார்.

வேலாண்டியின் பெண்சாதி பொம்மக்காள், ராஜசபை விகடகவி அம்பலக்கூத்தனின் காலில் வந்து விழுந்தாள். "சாமி, அது ஒரு எறும்பைக்கூட மிதிக்காதே!"

அம்பலக்கூத்தன் அவளை எழுப்பி நிறுத்தினான். நேரே ராஜாவிடம் போனான்.

"மகாராஜா, அவனுக்குக் காது கேட்காது."

"எனக்குக் கேட்கிறது. சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். போர்ச்சட்டம் என்றால் போர்ச்சட்டம்தான்."

"முழுச் சட்டமுமா மகாராஜா?"

"ஓர் எழுத்து விடாமல்!"

"உத்தரவு" என்று குனிந்தான். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசினால் யாருக்கும் சந்தேகம் வர வேண்டும். ராஜாவுக்கு வரவில்லை.

அன்றைக்கே போர்ச்சட்ட ஏட்டை வாங்கி முழுசாகப் படித்தான். பொம்மக்காளிடம் ஒரு விஷயம் சொன்னான். அவள் அதைக் குளத்துப் படித்துறையில் சொன்னாள். அதற்கப்புறம் தண்டோரா எதற்கு?

மறுநாள் காலை, பாசறை வாசலில் பாதி ஊர் வரிசையில் நின்றது. எல்லார் கையும் தலைமேல்.

"என்ன வேண்டும்?" என்றார் தளபதி.

"சரணடைய வந்தோம்" என்றார் முன்னால் நின்ற செட்டியார்.

தளபதிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் இப்படி ஒரு வெற்றியா! எல்லாரையும் உள்ளே விட்டார். அப்போதுதான் படைக் கணக்கன் ஏட்டைப் பிரித்தான். "சரணடைந்தவரைத் துன்புறுத்தலாகாது. அவர் உண்ட பின்பே வீரர் உண்ண வேண்டும். போர் முடியும் வரை விடுவிக்கலாகாது."

அடுப்பு மூட்டினார்கள். சோறு வடித்து வடித்து நானூறு வீரர்களுக்கும் கை கொப்புளித்தது. "ரசத்தில் உப்பு இல்லையே தம்பி" என்றது ஒரு பந்தி. "நேற்றும் பூசணிக்காய்தானே?" என்றது மறுநாள் இன்னொரு பந்தி. வேலாண்டியின் தலையை வெட்ட வேண்டியவன் மூன்றாவது பூசணிக்காயை வெட்டிக்கொண்டிருந்தான். தளபதி சாப்பிட்டு ஒன்றரை நாள் ஆகியிருந்தது.

பொறுக்க முடியாமல் முரசறையச் சொன்னார். "இன்று உச்சிப்பொழுதோடு சரணடைவது முடியும்! அதற்குமேல் வெளியே திரிகிறவன் எதிரி!"

அரண்மனையில் நாவிதன் மருதன் ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். முரசு காதில் விழுந்ததும் கத்தியைத் துடைத்து உறையில் போட்டான்.

"மன்னிக்கணும் மகாராஜா. எனக்குத் தலை ஒன்றுதான் இருக்கு."

சரணடைய ஓடியே போனான். ராஜாவுக்கு ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் முள்ளுக்காடு. மீசை பாதிதான் இருந்தது. சமையல்காரனைக் கூப்பிட்டார், அவன் காலையிலேயே சரணடைந்துவிட்டான். கூப்பிட்ட குரலுக்கு வந்தவன் அம்பலக்கூத்தன் மட்டும்.

"நீ போகவில்லையா?"

"மகாராஜாவைத் தனியாக விட மனசு வரவில்லை."

"அடேய், இதை எப்படியாவது முடி. ஆனால் என் வார்த்தையை மாற்ற மாட்டேன்!"

"மாற்றவே வேண்டாம் மகாராஜா. சட்டத்தின் கடைசி ஏட்டிலேயே இருக்கிறது. அரசர் எதிரியோடு சரிசமமாக உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினால் போர் முடிந்தது. எல்லாருக்கும் விடுதலை."

"எதிரியா? எதிரிக்கு நான் எங்கே போவேன்?"

"சரணடைந்தவர்கள் எதிரி இல்லை. பதிவேட்டில் எதிரி என்று ஒரே ஒரு பேர்தான் இருக்கிறது. அவன் தலையும் இன்று சாயங்காலம் போகிறது. போய்விட்டால் உடன்படிக்கைக்கு ஆளில்லை மகாராஜா. ஆயுசு முழுக்கப் போர்தான்."

ராஜா பல்லக்குக்குக்கூடக் காத்திராமல் பாசறைக்கு ஓடினார்.

இரண்டு ஆசனம் போட்டார்கள். ஒன்றில் பாதி மீசையோடு ராஜா. இன்னொன்றில் விலங்கு கழற்றிய வேலாண்டி. தாம்பூலத்துக்கு வெற்றிலை? வேலாண்டியின் கூடைதான். இரண்டு தரப்புக்கும் அதிலிருந்தே எடுத்தார்கள்.

"உங்கள் தரப்பு நிபந்தனை என்ன?" என்றார் ராஜா. பொம்மக்காள் அழுதுகொண்டே கைஜாடையில் கேட்டாள்.

வேலாண்டி யோசித்தான். "இனிமே என்னை நிறுத்தணும்னா, முன்னால வந்து நிக்கச் சொல்லுங்க. முதுகுல எனக்குக் கண்ணு இல்லை."

ராஜா தலை குனிந்தார். பிறகு தன் கையாலேயே வெற்றிலையை நீட்டினார். போர் முடிந்தது. எல்லைப் படை அன்றைக்கே எல்லைக்குக் கிளம்பியது. வழியில் எங்கும் பூசணிக்காய் வேண்டாம் என்று தளபதி சொல்லிவிட்டார்.

"அம்பலக்கூத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள், இப்போதே தருகிறேன்" என்றார் ராஜா.

"இப்போது வேண்டாம் மகாராஜா. மருதன் வந்து மீதியை முடிக்கட்டும்."

"அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்?"

"பரிசை நிமிர்ந்து நின்று, தங்கள் முகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். சிரித்துத் தொலைத்தால் ஊருக்குள் இரண்டாவது எதிரி வந்துவிடுவான்."

ராஜா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். முதலில் சிரித்தவர் அவர்தான்.