உதிராத ஓடு

ஒரு காட்டில், குழந்தைகளே, மேகம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கோடையில், ஓர் ஆமை செத்துப்போனது.

எப்படிச் செத்தது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. இந்தக் கதையில் வருகிற யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் இப்படி ஒரு கதை நடந்தது.

ஆமையின் பெயர் கூழான். காட்டில் ஆமைக்கெல்லாம் யார் பெயர் வைக்கப்போகிறார்கள்? வைத்தது பூவரசி என்ற பெண் குரங்கு. ஓடை மணலில் கூழாங்கல் அளவுக்குக் கிடந்த குட்டியைக் கண்டெடுத்து, தான் வசிக்கும் அத்திமரத்தின் அடியில் கொண்டுவந்து விட்டாள். தினமும் காலையில் கிளையை உலுக்குவாள். பழம் பொலபொலவென்று விழும். கீழே கூழான் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். வெயில் பட்டால் அதன் ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள் மின்னும்.

பூவரசிக்கு ஒரு தங்கை. பெயர் சுள்ளி. உடம்பு ஒல்லி, வாய் நீளம்.

"அக்கா, பழம் போடுவது நீதான் என்று அதற்குத் தெரியுமா? மரம் போடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்" என்று சீண்டுவாள் சுள்ளி.

"நினைத்துவிட்டுப் போகட்டும்டி. தின்றால் சரி" என்பாள் பூவரசி.

ஒரு நாள் காலை பூவரசி கிளையை உலுக்கினாள். பழங்கள் விழுந்தன. கழுத்து நீளவில்லை.

மறுபடி உலுக்கினாள். ஒரு பழம் ஓட்டின் மேலேயே விழுந்து உருண்டு ஓடியது. கூழான் அசையவில்லை.

அக்காவும் தங்கையும் இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். கால்கள் உள்ளே இழுத்தபடி இருந்தன. தலை பாதி வெளியே. வாயோரத்தில் முந்தின நாள் தின்ற பழத்தின் தோல் ஒட்டியிருந்தது. கடித்த தடம் இல்லை, கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்றாள் பூவரசி. பிறகு அதைத் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

குரங்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டி இறந்தால் தாய் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகமாட்டாள். ஒரு கையால் அணைத்தபடி கிளைக்குக் கிளை கொண்டுபோவாள். வெயிலில் உடல் காயும், சுருங்கும், எடை குறையும். உதிர்ந்து உதிர்ந்து கடைசியில் தானாகவே கையை விட்டுப் போய்விடும். அன்றைக்குத் தாய் ஒரு தடவை கீழே பார்ப்பாள். அப்புறம் மற்றவர்களோடு இரை தேடக் கிளம்புவாள். எப்போது விட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைக்கே தெரியும்.

பூவரசியும் முன்பு ஒரு குட்டியை அப்படித்தான் சுமந்தாள். அப்படித்தான் விட்டாள்.

ஆனால் கூழான் குரங்குக் குட்டி இல்லையே! எறும்புகள் உள்ளே புகுந்து தசையைக் கொண்டுபோயின. ஓடு அப்படியே இருந்தது. வெயில் காய்ந்தது, காற்று அடித்தது. நட்சத்திரம் ஒன்றுகூட மங்கவில்லை.

பூவரசியால் தாவ முடியவில்லை. உச்சிக் கிளையில் தூங்குகிறவள் அடிக்கிளைக்கு வந்தாள். கைக்கு எட்டியதைத் தின்றாள். எட்டாததை விட்டாள்.

"இன்னும் அதைக் கையிலிருந்து விடவில்லையா அக்கா?"

"இன்னும் உதிரவில்லையேடி."

"அது ஓடு. அது உதிராது."

"உதிரவில்லை என்றால் நேரம் வரவில்லை என்று அர்த்தம்" என்றாள் பூவரசி.

கூட்டத்தில் எல்லாரும், "விடு, பூவரசி, விட்டுத் தள்ளு" என்றார்கள். சுள்ளியும் அதையேதான் சொன்னாள்.

அடிக்கிளைக்கு ஒரு குரங்கு இறங்கி வந்துவிட்ட செய்தி நரிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்?

நரி வந்தது. மரத்தடியில் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தது.

"அம்மா பூவரசி, அழாதே என்று சொல்ல நான் வரவில்லை. அதைத்தான் ஊரே சொல்லியிருக்குமே. நான் ஒன்றே ஒன்று கேட்க வந்தேன். கூழான் ஏன் செத்தது?"

பூவரசி சட்டென்று நிமிர்ந்தாள். இத்தனை நாளும் அவள் நெஞ்சுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த கேள்வி அது. இன்னொருவர் வாயிலிருந்து இப்போதுதான் வந்தது.

"தெரியவில்லையே, நரியாரே!"

"காயம் இல்லை, நோய் இல்லை. நன்றாக இருந்த ஆமை சும்மா சாகுமா? யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். அது யார் என்று தெரியாமல் இதைக் கீழே வைக்க உனக்கு மனசு வருமா?"

"வராது" என்றாள் பூவரசி.

"வரக் கூடாது. வா, தேடுவோம். ஓட்டை மட்டும் கையிலிருந்து விட்டுவிடாதே. செய்தவன் அதைப் பார்த்ததும் முகம் மாறுவான். நமக்கு அதுதான் சாட்சி."

மேல் கிளையிலிருந்து சுள்ளி குரல் கொடுத்தாள். "நரியாரே, போன மழையில் முயல் வீட்டுக் குட்டிகள் காணாமல் போயினவே, அதையும் தேடினீர்களா?"

"இன்னமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன், சுள்ளி" என்று சொல்லி நரி உதட்டை நக்கிக்கொண்டது.

முதலில் ஓடைக்குப் போனார்கள். பூவரசி தரையில் நடந்தாள். சுள்ளி மரத்தின் மேலேயே தொடர்ந்தாள். ஓடையில் மிச்சமிருந்த ஒரே குட்டையில் கொக்கு நின்றுகொண்டிருந்தது.

"கொக்கே, என் கூழானுக்கு என்ன ஆயிற்று?"

"முந்தின சாயங்காலம் வந்தது. தண்ணீர் குடித்தது. போனது" என்றது கொக்கு.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு மீன் வந்தது."

நரி பூவரசியின் காதருகே குனிந்தது. "கவனித்தாயா? முகத்துக்கு நேரே பார்த்துப் பேசவில்லை."

"கொக்குக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருக்கிறது! அது யாரைத்தான் நேரே பார்த்துப் பேசும்?" என்று சுள்ளி மேலேயிருந்து கத்தினாள்.

பூவரசி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள்.

"கொக்கு இல்லையென்றால் முள்ளம்பன்றி" என்றது நரி. "உதிர்ந்த பழத்துக்கு அதுவும் உன் கூழானும் தினமும் போட்டி."

முள்ளம்பன்றியின் வளை அத்திமரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு சொல் தாங்காது அதற்கு. ரோஷக்காரி.

பூவரசி ஓட்டை முன்னால் நீட்டினாள். "இதைப் பார்த்துச் சொல். நீதானே குத்தினாய்?"

முள்ளம்பன்றி ஓட்டையே வெகுநேரம் பார்த்தது. அதன் முகம் மாறத்தான் மாறியது.

"அதோ பார், முகம்!" என்றது நரி.

"குத்தினேனா?" என்றது முள்ளம்பன்றி. "மேலே இருந்து உதிர்வதை இரண்டு பேரும்தான் தின்போம். அது எனக்கு மிச்சம் வைக்கும். நான் அதற்கு மிச்சம் வைப்பேன். இன்றைக்குக் காலையில்கூடப் பழக்கதோஷத்தில் ஒரு பழத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் நினைவு வந்தது. என்னைப் பார்த்தா கேட்கிறாய்?"

"பழம் ஒதுக்கினவள் குத்தமாட்டாள் என்று யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டாள் பூவரசி.

முள்ளம்பன்றி விருட்டென்று திரும்பியது. முட்கள் சிலிர்த்தன. அடுத்த நொடி பூவரசியின் பின்னங்காலில் ஒரு முள் ஆழமாக இறங்கியிருந்தது. அன்றே முள்ளம்பன்றி அந்த வளையை விட்டுப் போய்விட்டது. போகிறபோது பழத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை.

சுள்ளி அக்காவை அடிக்கிளைக்கு ஏற்றி, பல்லால் கடித்து முள்ளைப் பிடுங்கினாள். கால் வீங்கிவிட்டது.

"அக்கா, நரி உன்மேல் எதற்கு இவ்வளவு அன்பாக இருக்கிறது? கொஞ்சம் யோசித்துப் பாரேன்."

"நீங்கள் எல்லாரும் 'விடு, விடு' என்றீர்கள். நரி ஒருத்தர்தான் 'ஏன்' என்று கேட்டார்."

அது உண்மை. சுள்ளி அக்காவின் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். அவள் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தாள்.

பேன் பார்த்தபடியே, "நானும் கேட்கிறேன் அக்கா, கூழான் ஏன் செத்தது?" என்றாள். "எனக்கும் தெரியவில்லை. கொக்குக்கும் தெரியவில்லை. தெரியாமலேயே இரண்டு பேரும் இங்கே உட்கார்ந்து அழுவோமே. நரி எதற்கு?"

பூவரசியின் தோள் குலுங்கியது. கூழான் செத்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அப்போதுதான். ஓட்டைச் சுற்றியிருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன. சுள்ளி அதைப் பார்த்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"அம்மா பூவரசி!" கீழேயிருந்து நரியின் குரல். "கண்டுபிடித்துவிட்டேன்! ஏரிக்கு அந்தப் பக்கப் பாறையில் ஓர் உடும்பு. அன்று காலையில் இங்கேதான் இருந்ததாம். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாம். வயதாகிவிட்டது, பொந்தை விட்டு வராது. நாம்தான் போக வேண்டும்."

விரல்கள் மறுபடி இறுகின.

"அக்கா, போகாதே. ஏரியில் ஒற்றைப் பனையைத் தவிர ஒரு மரம்கூடக் கிடையாது. மரம் இல்லாத இடத்தில் நாம் கால் வைப்பதில்லை."

"கண்ணால் பார்த்ததாம்டி" என்றாள் பூவரசி. நொண்டிக்கொண்டே இறங்கிப்போனாள்.

ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சுள்ளி கரையின் கடைசிக் கருவேலமரம்வரை வந்து நின்றாள். அதற்கு மேல் மரமில்லை. ஏரி நடுவில் மட்டும் ஒற்றைப் பனை நின்றது. அதையும் தாண்டி நரி முன்னே போனது. பூவரசி ஓட்டை அணைத்தபடி பின்னே போனாள்.

பனையைத் தாண்டியதும் நரி நின்றது.

"உடும்பு எங்கே, நரியாரே?"

"எந்த உடும்பு?"

காற்று கரைப் பக்கம் வீசியது. ஒவ்வொரு சொல்லும் சுள்ளிக்குக் கேட்டது.

பூவரசி ஓடவில்லை. பனையைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு ஒரே கேள்விதான்.

"அப்படியானால் நீயா? என் கூழானைக் கொன்றது நீதானா?"

நரி சிரித்தது. "நானா? அந்த ஓட்டைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? அது ஏன் செத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? செத்தது. அவ்வளவுதான்."

நரி பூவரசியிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"அக்கா! ஓட்டைப் போட்டுவிட்டுப் பனையில் ஏறு!"

பூவரசி திரும்பினாள். ஒரு கையில் ஓடு, ஒரு காலில் வீக்கம். பனையடிக்கு வந்துவிட்டாள். ஒற்றைக் கையால் பற்றி ஏறினாள், வழுக்கினாள். மறுபடி ஏறினாள், மறுபடி வழுக்கினாள். மூன்றாம் முறை அவள் விரல்கள் தாமாகவே விரிந்தன. ஓடு கீழே விழுந்தது. அவள் ஒரு தடவை அதைக் குனிந்து பார்த்தாள்.

அந்த ஒரு பார்வை நரிக்குப் போதுமானதாக இருந்தது.

சுள்ளி மரத்தை விட்டு இறங்கி, வாழ்நாளில் முதல் தடவையாக வெட்டவெளியில் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது பனையடியில் ஓடு மட்டும் மல்லாந்து கிடந்தது. இழுத்துப்போன தடம் பாறைப் பக்கமாகப் போயிருந்தது.

வயிற்றோடு அணைத்துக்கொண்டு போக அவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வெறுங்கையோடு திரும்பினாள்.

அவள் அக்கா ஏன் செத்தாள் என்று சுள்ளிக்கு நன்றாகத் தெரியும். யார் கொன்றது, எங்கே, எந்தப் பொய்யைச் சொல்லி அழைத்துப்போனது, எல்லாம் தெரியும். அன்று சாயங்காலம் அவள் அடிக்கிளையில் உட்கார்ந்து அதையெல்லாம் ஒன்று விடாமல் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

பிறகு மழை வந்தது. ஏரி நிரம்பியது. பனையடியில் கிடந்த ஓடு தண்ணீருக்குள் போயிற்று.

நீதி: சில சாவுகளுக்குக் காரணம் கிடைப்பதில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் துக்கத்தை இறக்கி வைப்பேன் என்று இருப்பவரை, காரணம் சொல்ல வருகிறவன் தன் இரையாக்கிக்கொள்வான்.