கொற்றன் ஏறிய குன்று

மன்னர்கள் பகைவர் படையைவிடக் கடலுக்கு அதிகம் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக் கதை இது, கேளுங்கள்.

தென்கரையில் ஒரு குன்று. குன்றின் உச்சியில் ஓர் இரும்புக் கொப்பரை. அதில் எந்நேரமும் விறகு அடுக்கியிருக்கும். கொள்ளையர் கப்பல் கண்ணில் பட்டால் அதில் தீ மூட்ட வேண்டும். புகையைப் பார்த்ததும் கீழே இருக்கும் மீனவர்கள் காட்டுக்குள் ஓடித் தப்பிவிடுவார்கள்.

அந்தத் தீக்குக் காவலன் கொற்றன். அடிவாரத்தில் அவன் குடிசை. தினமும் விடியலில் உச்சிக்கு ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும் என்பது அரசனின் ஆணை. கொற்றன் ஏறினான், மனைவி வெண்ணியும் கூடவே ஏறினாள். ஏறும்போது பேச்சு, இறங்கும்போது பாட்டு. அவர்களுக்கு அந்தக் குன்று உயரமாகவே தெரிந்ததில்லை.

ஒரு மாசி மாதம் வெண்ணி காய்ச்சலில் இறந்துபோனாள்.

மறுநாள் கொற்றன் ஏறவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை என்று ஒரு நாள் இருந்தான். முழங்கால் வலி என்று ஒரு நாள் இருந்தான். அப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டான். "மனசு வரட்டும், ஏறலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொள்வான். மனசு வரவில்லை. தொந்திதான் வந்தது, மூச்சிரைப்பு வந்தது.

அந்தக் குடிசைக்கு வருகிறவன் ஒருவன்தான். அவன் பெயர் காரி. வலை பின்னுகிறவன், ஒரு கால் ஊனம். கொஞ்சம் கருவாடு கொண்டுவந்து கொடுப்பான். சற்று நேரம் உட்கார்ந்து பேசுவான். அவன் நொண்டி நொண்டித் திரும்பிப் போவதைக் கொற்றன் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆண்டுகள் ஓடின. ஒரு பிற்பகல், தண்ணீர் எடுக்கக் கரையோரச் சுனைக்குப் போன கொற்றன் நிமிர்ந்து பார்த்தான். கடலுக்குள் நீண்ட நிலமுனையைச் சுற்றிக்கொண்டு கொள்ளையர் கப்பல்களின் கறுப்புப் பாய்கள் வந்துகொண்டிருந்தன.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினான். பாதிக் குன்றில் மூச்சு அடைத்தது. உட்கார்ந்தான். எழுந்தான். விழுந்தான். பிறகு கையை ஊன்றி, முழங்காலைத் தேய்த்து ஊர்ந்தே போனான். அவன் தீ மூட்டியபோது கப்பல்கள் கரையை நெருங்கிவிட்டன.

ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். காரியால் ஓட முடியவில்லை.

கொள்ளையர் போன பிறகு ஊரார் குடிசைக்கு வந்தார்கள். "நீ புகை போட்டாய், நாங்கள் பிழைத்தோம்" என்று கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடும் அவனுக்கு முள்ளாகத் தைத்தது. எவ்வளவு பிந்தினான் என்பது அவனைத் தவிர எவருக்கும் தெரியாது.

அவனே காரியின் வீட்டுக்குப் போனான். காரியின் மனைவி கண்ணாத்தாள் வாசலில் இருந்தாள்.

"தங்கச்சி, நான் தினமும் ஏறிப் பழகியிருந்தால் காரி இன்று இருப்பான். பிந்திவிட்டேன்."

"பிந்திவிட்டீர்கள்" என்றாள். "இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணே?"



மறுநாள் துக்கம் அவனைக் குன்றில் ஏற்றியது. துக்கம் ஆறியதும் கால் நின்றுவிட்டது. பிறகு ஊராரின் புகழ்ச்சி ஏற்றியது. அவர்கள் மறந்ததும் கால் நின்றுவிட்டது. பிறகு பயம் ஏற்றியது. கடல் அமைதியாகவே கிடக்க, பயமும் தூங்கிப்போனது. கால் மறுபடி நின்றுவிட்டது.

ஒரு பனிக்காலக் காலை. குடிசைக்குள் பேச்சுக்குரல் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. வாசலில் குந்தியிருந்த கொற்றனின் வாய் பழக்கத்தில் முணுமுணுத்தது: "மனசு வரட்டும்..."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைச் சொல்லிச் சொல்லித்தானே காரியை இழந்தான்?

எழுந்தான். மனசில்லாமலேதான் எழுந்தான். உச்சிக்கு வேண்டாம், சரிவில் நிற்கும் அந்த இலந்தை மரம் வரைக்கும் போனால் போதும் என்று நடந்தான். மரத்தடிக்குப் போனபோது உடம்பில் சூடு ஏறியிருந்தது. சரி, மேலே தெரியும் அந்தப் பாறை வரைக்கும் என்று நடந்தான். பாறையைத் தாண்டியது அவனுக்கே தெரியவில்லை. உச்சியில் நின்று பார்த்தான். கடல் வெறிச்சென்று கிடந்தது. இறங்கிவந்தான்.

அடுத்த நாளும் மனசு வரவில்லை. அடுத்த நாளும் இலந்தை மரம் வரைக்கும் போவதாகக் கிளம்பினான்.

இப்படியே காலம் போயிற்று. கறுப்புப் பாய் ஒன்றுகூட வரவில்லை. கூட ஏறவும் யாரும் இல்லை. தாடி நரைத்தது, மூச்சு மட்டும் இரைக்கவில்லை.

ஒருநாள் சரிவில் சுள்ளி பொறுக்க வந்த கண்ணாத்தாள் அவனைப் பார்த்து நின்றாள்.

"அண்ணே, கப்பலும் வருவதில்லை, பேச்சுத் துணையும் இல்லை. தினமும் இதில் ஏற எப்படித்தான் மனசு வருகிறது?"

"கிளம்பும்போது அது வருவதே இல்லை தங்கச்சி. நான் ஒற்றையாகத்தான் கிளம்புகிறேன். பாதி வழியில் அது வந்து சேர்ந்துகொள்கிறது."

அவள் சுள்ளிக்கட்டை இறக்கி வைத்தாள். அவன் ஒரு தரம் தலையசைத்துவிட்டு மேலே நடந்தான். அவன் உருவம் சிறிதாகி, பாறைக்கு அப்பால் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மனம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பவனின் கால் மரத்துப்போகும். காலை எடுத்து வைப்பவனைத் தேடி மனம் தானே வந்து சேரும்.