ஐந்து ஜோடிப் பனிமிதியடிகள்

"ஒண்ணும் சரிப்பட்டு வரலைம்மா."

மூன்றாவது நாளாக ரிக்ஜின் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபது வயது. மடத்துத் தலைவி பல்மோவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் குரு குருதானே.

முற்றத்தில் ஐந்து ஜோடிப் பனிமிதியடிகள் கிடந்தன. மரச்சட்டத்தை வளைத்து, நடுவில் தோல்வார் பின்னியவை. பூட்ஸுக்கு அடியில் அவற்றைக் கட்டிக்கொண்டால்தான் அந்த மலைப் பனியில் ஆள் புதையாமல் இறங்க முடியும்.

"அகலமானது என்னாச்சு?" என்று கேட்டார் பல்மோ.

"அகட்டி அகட்டி நடந்து இடுப்பே கழண்டு போகுதும்மா."

"குறுகலானது?"

"பள்ளத்துல புதைஞ்சிடும்."

"நேத்து ஒண்ணைத் தடவித் தடவிப் பார்த்தீங்களே?"

"வார் அறுந்துடுமோன்னு..."

"அறுந்துச்சா?"

"இல்ல."

"பொண்ணு பார்க்கப் போறவன்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டான்."

ரிக்ஜினுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுவதும் அவிழ்ப்பதுமாக விரல்கள் மரத்துப் போயிருந்தன. உடம்பு முழுக்க அலுப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாத அலுப்பு.

கீழே கிராமத்தில் அவருடைய அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மூன்று நாளைக்கு முன் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கு. கண்ணு முழிச்சா, தம்பி வந்துட்டானான்னுதான் கேக்குறாரு."

அண்ணனும் தம்பியும் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவின் சாவுக்கு ரிக்ஜின் போகவில்லை.

"நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்கம்மா."

பல்மோ எழுந்தார். கைக்கு வந்த ஜோடியை எடுத்தார். தன் காலில் கட்டிக்கொண்டார். வாசலைத் தாண்டி இறங்க ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா! எங்க போறீங்க?"

"உங்க அண்ணனைப் பார்க்க."

"நீங்க எதுக்கும்மா?"

"யாராவது ஒருத்தர் போகணும்ல."

"என்னை எங்கேன்னு கேப்பாரே!"

"சொல்லிக்கிறேன். தம்பி இன்னும் செருப்பு பார்த்துக்கிட்டிருக்கார்னு."

முதல் வளைவில் பல்மோவின் தலை மறைந்தது.

முற்றத்தில் ரிக்ஜின் மட்டும் நின்றார். குளிர்காற்று கன்னத்தில் அறைந்தது.

மூன்றாவது வளைவில்தான் குருவை எட்டிப் பிடிக்க முடிந்தது. ரிக்ஜினுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. வலது கால் அகலத் தடம் போட்டது. இடது கால் குறுகலாக.

பல்மோ திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எதைக் கட்டிக்கிட்டு வந்தீங்க?"

"பார்க்கலைம்மா."