எது விழுந்தாலும் ஒட்டியவர்கள்

மதுரைப் பக்கம் சோலையப்பன், அங்குசாமி, வீரணன் என்று மூன்று கூட்டாளிகள் இருந்தார்கள். குட்டியானை என்கிற சின்ன லாரியில் சாமான் ஏற்றி இறக்குவது தொழில். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் சிக்கல்.

ஒரு நாள் ஓவியர் தமயந்தி தன் படத்தைக் கண்காட்சி அரங்குக்குக் கொண்டுபோகக் கூப்பிட்டார். கதவு அளவுப் படம். வட்டம், சதுரம், முக்கோணம். அவற்றுக்குள் கிழித்த காலண்டர் தாள், பஸ் டிக்கெட், சேலைக் கரை என்று ஒட்டியிருந்தார். இரண்டு வருட உழைப்பு. அவருக்கு அதுதான் முதல் கண்காட்சி. சாயங்காலம் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி திறந்து வைக்கிறார்.

"பசை இன்னும் சரியாக் காயல. வழியில எது விழுந்தாலும் எடுத்து ஒட்டிடுங்க" என்று ஒரு டப்பா பசையைக் கொடுத்துவிட்டு, தமயந்தி ஆட்டோவில் முன்னால் போய்விட்டார்.

முதல் திருப்பத்திலேயே ஒரு வேப்பிலை விழுந்தது. வண்டியை நிறுத்தினார்கள்.

"இது மரத்துல இருந்துல்ல விழுந்துச்சு" என்றான் அங்குசாமி.

"எதுல இருந்துன்னு அம்மா சொன்னாங்களா? எது விழுந்தாலும்னுதான் சொன்னாங்க" என்றான் சோலையப்பன்.

ஒட்டினார்கள். அப்புறம் வீரணனின் சட்டைப் பொத்தான் விழுந்தது. அது வட்டம் என்பதால் வட்டத்துக்குள் போனது. அடுத்து விழுந்த அங்குசாமியின் சீப்புதான் கஷ்டம் கொடுத்தது.

"சதுரத்துக்குள்ள அடங்கலையே."

"ரெண்டா உடை."

உடைத்தார்கள். அழகாக அடங்கியது.

அரங்கு வாசலில் சோலையப்பன் பிரேக் போட்டதில், பின்னால் நின்ற வீரணன் கீழே விழுந்தான். மற்ற இரண்டு பேரும் பசை டப்பாவைப் பார்த்தார்கள்.

"நான் விழுந்தவன்தானே. எனக்காக முறையை மாத்த வேணாம்" என்றான் வீரணன்.

"இவன் என்ன வடிவம்?" என்று கேட்டான் அங்குசாமி.

"வயிறு வட்டம். காலை அகட்டினா முக்கோணம்."

முதுகில் பசை தடவி ஒட்டினார்கள்.

படத்தைத் தூக்கி உள்ளே நிறுத்தியபோது கூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது. தமயந்தி ஓடி வந்தார். வீரணனைப் பிடித்து இழுத்தார். ஆள் வந்துவிட்டான், சட்டை படத்திலேயே தங்கிவிட்டது.

"காலையில இல்லாதது எதுவும் இங்க இருக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையில் ஒட்டிய பசையைக் கழுவப் போனார்.

சோலையப்பன் அரங்குக் காவலாளியைக் கேட்டான். "காலையில இங்க என்னண்ணே இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? ஒண்ணுமில்ல. நானே மத்தியானம்தான் வந்தேன்."

முதலில் நீதிபதியை நாற்காலியோடு தூக்கினார்கள். இதுவும் விழாவில் ஒரு அங்கம் என்று நினைத்து அவர் கும்பிட்டபடியே போனார். பிறகு கூட்டம், காவலாளி, படம். கை கழுவி வந்த தமயந்தி காலி அரங்கைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"மன்னிக்கணும்மா, நீங்களும் காலையில இங்க இல்ல" என்றான் வீரணன், பணிவாக. அவரையும் தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தார்கள்.

படமும் வெளியே, கூட்டமும் வெளியே என்பதால், நீதிபதி அங்கேயே கண்காட்சியைத் திறந்துவைத்தார். சட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

உள்ளே மூன்று பேர் மிச்சம்.

"நாமளும் காலையில இங்க இல்லையே" என்றான் அங்குசாமி.

இரண்டு பேர் சேர்ந்து வீரணனைத் தூக்கி வெளியே வைத்தார்கள். சோலையப்பன் தனியாளாக அங்குசாமியைத் தூக்கி வைத்தான்.

"அதான் நீயும் நடந்து வெளியே வந்துட்டியே" என்றான் வீரணன்.

"அம்மா எடுக்கத்தான் சொன்னாங்க, நடக்கச் சொல்லலையே" என்று திரும்ப உள்ளே போனான் சோலையப்பன்.

கண்காட்சி முடிந்து எல்லோரும் கிளம்பும்போதும், அரங்கின் நடுவில் சோலையப்பன் தன் சட்டைக் காலரைத் தானே பிடித்துத் தன்னைத் தூக்கிக்கொண்டிருந்தான்.