புளி பார்த்த முகம்

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்து மணலுக்குள் ஒரு செப்புக்காசு எழுநூறு வருஷமாகக் கிடந்தது. கூட்டத்தில் தொலைந்த மோதிரம், கம்மல் தேடிக் கொடுத்துப் பிழைக்கிற ரெமிஜியுஸ், ஒரு காலையில் மெட்டல் டிடெக்டரோடு அந்தப் பக்கம் வந்தார். அது கீச்சிட்ட இடத்தில் தோண்டிக் காசை எடுத்தார்.

"நான் அரசன் வெளியிட்ட காசு" என்றது காசு.

"இருக்கட்டும். எனக்கு நீயும் சோடா மூடியும் ஒன்றுதான்" என்றது டிடெக்டர்.

அவர் எடுத்துப்போன பழைய சாமான் கடையில் தராசு அதற்கும் மேல். "செம்பு. மூன்று கிராம். இறங்கு, பித்தளைக் குழாய் காத்திருக்கிறது."

மேலெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதால்தான் யாருக்கும் தன்னைத் தெரியவில்லை என்று காசு நினைத்தது. ரெமிஜியுஸும் அப்படியே நினைத்தார். வீட்டுக்கு வந்து புளியும் செங்கல் பொடியுமாக உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பொறு, உன்னைப் புதுசாக்கிவிடுகிறேன்" என்றது புளி.

தேய்க்கத் தேய்க்க ஒரு பக்கம் பளபளவென்று வந்தது. காசு பூரித்துப்போய் மறுபக்கத்தையும் காட்டியது. அதற்குள் அவர் மனைவி பிரிஸ்கா வந்து கையைப் பிடித்துவிட்டாள். முதலில் மியூசியத்து மேடத்திடம் காட்டலாம் என்றாள். காசுக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. பாதி அலங்காரத்தோடு எப்படி ஒரு பெரிய இடத்துக்குப் போவது?

பழங்காசுகளை ஆராய்கிற அந்த மேடத்தின் பெயர் செண்பகவல்லி. அவருடைய மேசையில் காசு பளபளப்பைத்தான் மேலே காட்டிப் படுத்தது. அவர் கையிலிருந்த லென்ஸ் குனிந்து வெகுநேரம் பார்த்தது.

"சொல்லேன், நான் யார்?"

"இங்கே ஒன்றும் இல்லையே. திரும்பிப் படு."

காசு வெட்கத்தோடு திரும்பியது. களிம்புக்குள் இருந்த நான்கு எழுத்துகளை லென்ஸ் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தது. செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றே மாதம் ஆண்ட ஒரு சிற்றரசனின் பெயராம். ஒரு கல்வெட்டில் ஒற்றை வரியாக இருந்தவனுக்கு இதுவரை காசு கிடைத்ததே இல்லையாம்.

என்ன பெறும் என்று ரெமிஜியுஸ் கேட்டார். ஒப்பிட்டு விலை சொல்ல இன்னொரு காசு இருந்தால்தானே என்றார் செண்பகவல்லி. பிறகு காசைப் புரட்டினார்.

"இந்தப் பக்கம் என்ன இருந்துச்சு?"

ரெமிஜியுஸ் தலையைக் குனிந்துகொண்டார். "முகம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, மேடம். நான்தான் புளி போட்டு விளக்கிட்டேன்."

செண்பகவல்லி பெட்டியில் பஞ்சு விரித்தார். காசு தன் பளபளப்பைப் பஞ்சுக்குள் அழுத்தி மறைத்துக்கொண்டது.

அந்த அரசனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது புளி.