இடம்புரி உறி

தறிமங்கலத்து நெசவாளர்கள் வெட்டிப்போட்ட கழிவு நூலைக் கூடையில் அள்ளிவந்து, அதை நம்பியே பிழைத்தவர் செண்டலங்காரர். ஊசி கிடையாது, கொக்கி கிடையாது. பத்து விரல்களும் ஒரு தொடையும்தான் அவருடைய பட்டறை. நூலைத் தொடையில் வைத்து உள்ளங்கையால் முழங்காலை நோக்கி உருட்டுவார். முறுக்கேறிய புரிகளை விரல்களில் மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே போவார். பால்சட்டி தொங்கும் உறியும், பானை உட்காரும் பிரிமனையும், பிள்ளைகளின் தூளிக்கயிறும் அப்படித்தான் பிறந்தன. முடிச்சுக்கு ஒரு 'கண்ணா' சொல்வார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் அந்தக் 'கண்ணா'வை முடித்த பிறகுதான் பதில் வரும். "இந்த மனுசனுக்குக் காது அடைச்சுப் போச்சா?" என்று வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, உறியடித் திருநாளில், அவ்வூர்க் கண்ணபிரான் சன்னிதியில் வெண்ணெய்த் தாழியைத் தாங்குவது அவர் கட்டிய உறிதான். அதற்காக ஒரு மாதம் ஒருவேளைச் சோற்றோடு இருப்பார். கோயில் வாசலில் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவார். மாலையோ மரியாதையோ யாரும் தந்ததில்லை, அவரும் எதிர்பார்த்ததில்லை. அந்த ஓர் உறிக்காகவே அவர் உயிர் வைத்திருந்தார்.

கயிறு திரிப்பதில் அந்த ஊருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மனிதர் வாழும் வீட்டுக்கு முழங்காலை நோக்கி முறுக்குவது வலம்புரி. பாடையில் பிணத்தைக் கட்டும் கயிற்றை மட்டும் கையை எதிராக இழுத்து, இடுப்பை நோக்கி முறுக்கவேண்டும். அது இடம்புரி. தப்பித்தவறி இடம்புரிக் கயிறு வீட்டுக்குள் வந்துவிட்டால் பின்னாலேயே சாவும் வரும் என்று ஊர் நடுங்கும்.

ஓர் ஆனி மாதத்தில் வாந்திபேதி வந்தது. மூன்றாம் நாள் செண்டலங்காரரின் மகள் வகுளம் போனாள். மறுநாள் மனைவி பூங்கோதை போனாள். பாடை கட்டுகிறவர்கள் அதற்குள் ஊரைவிட்டே ஓடிவிட்டார்கள். பெற்ற மகளுக்கு இடம்புரிக் கயிற்றைத் தகப்பனே முறுக்கினார். கண்ணீர் விழுந்து விழுந்து முறுக்கு நிற்கவில்லை. பிரித்து மறுபடியும் முறுக்கினார்.

அதோடு அவர் வீட்டில் அழுதுகொண்டு கிடக்கவில்லை. அடுத்த வீட்டிலும் பிணம் கிடந்தது, அதற்கடுத்த வீட்டிலும் கிடந்தது. தொட ஆளில்லாத உடம்புகளுக்கெல்லாம் அவரே கயிறு முறுக்கினார், அவரே கட்டினார். நாற்பது நாள் இப்படியே போயிற்று. அப்போதும் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு 'கண்ணா' சொன்னார்.

நோய் ஓய்ந்தது. கதவுகள் திறந்தன. அவரைக் கண்டதும் மறுபடி சாத்திக்கொண்டன. "பாடைக்கயிறு வருது, பிள்ளையை உள்ள தூக்கு!" என்றாள் ஒருத்தி. அவள் புருஷனைப் பாடையில் கட்டியவர் அவர்தான். நன்றிகெட்ட ஊர் என்று சொன்னால் தறிமங்கலத்தாருக்குக் கோபம் வரும். வரட்டும். உறி வாங்க ஆளில்லை, கழிவு நூல் கொடுக்கவும் ஆளில்லை. குப்பையில் கிடந்த நூலைப் பொறுக்கி, பட்டினியோடு அவர் ஆவணி உறியடித் திருநாளுக்கான உறியைக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, பேரைச் சொல்லிச் சொல்லிக் கட்டினார்.

திருநாளுக்கு முன்தினம் கோயில் வாசலில் அதைக் கையில் வாங்கிய அர்ச்சகர் ஆராவமுத பட்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"என்னடா இது? இடம்புரின்னா முறுக்கியிருக்கே! பெருமாளுக்கே பாடை கட்டப் பாக்கறியா?"

செண்டலங்காரர் குனிந்து பார்த்தார். உண்மைதான். நாற்பது நாள் பழகிய கை தானாகவே எதிராகப் போயிருக்கிறது.

"சாமி... கை அறியாமப் பண்ணிருச்சு சாமி."

பட்டர் உறியை மதிலுக்கு வெளியே குப்பைக்குழியில் வீசச் சொன்னார். கூடியிருந்தவர்கள் செண்டலங்காரரை நெட்டித் தள்ளினார்கள். வேறொருவர் கட்டிய உறி சன்னிதிக்குப் போயிற்று.

குளக்கரை மண்டபத்தில் போய் விழுந்தார் அவர். ஊர் தள்ளியது அவருக்கு வலிக்கவில்லை. "கண்ணா, என் கையால ஒனக்கும் சாவுக்கயிறு திரிச்சுட்டேனா? ஒனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுப்பா" என்று புலம்பினார். கையை வலம்புரிக்குப் பழக்கியே தீருவது என்று வெறும் தொடையில் நூலை வைத்து உருட்டினார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கை மறுபடி மறுபடி இடுப்புப் பக்கமே போயிற்று. சோறில்லாத உடம்பு அங்கேயே சரிந்தது.

திருநாள் காலையில் பட்டர் சன்னிதிக் கதவைத் திறந்தார். பெருமாளின் பொன் அரைஞாண் தரையில் கழன்று கிடந்தது. திருவரையில் அந்த இடம்புரி உறி சுற்றியிருந்தது, குப்பைக்குழியின் சாம்பலோடு. உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஆராவமுதா! நாற்பது நாள் என் பிள்ளைகள் என்னிடம் வந்துகொண்டே இருந்தார்கள். கூட வர ஒருவரும் இல்லை. இந்தக் கயிறுதான் அவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது. முடிச்சுக்கு முடிச்சு என் பேர் இருந்தது. இதைவிட மங்கலமான கயிறு எனக்கு ஏது?"

பட்டர் குளக்கரைக்கு ஓடினார். தீண்டக்கூடாது என்று தள்ளிய அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு, கண்டதையும் கேட்டதையும் சொல்லி அழுதார். செண்டலங்காரர் மெல்லக் கண் திறந்தார். பட்டர் சொன்ன பெருமையெல்லாம் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"சாமி, குப்பை நூலாச்சே... பெருமாள் இடுப்புல உறுத்தலையே?"

"அவருக்கு உறுத்தலை, சுவாமி" என்றார் பட்டர். "எனக்குத்தான் உறுத்தறது."

அதைக் கேட்டு அடியாரின் முகம் தெளிந்தது. "கண்ணா" என்றார். அந்தக் 'கண்ணா'வோடு மூச்சும் அடங்கியது. ஊரே அஞ்சி ஒதுக்கிய கையின் வேலையை இறைவன் தன் இடுப்பில் ஏற்றுக்கொண்டான். செண்டலங்கார அடியாரின் அந்தக் கைகளை நாமும் கும்பிடுவோம்.